ஓட்டுநர் இல்லாத டாக்சி: பொறுப்பேற்பவர் யார்?



ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் டாக்சியைப் பற்றி மளிகை வியாபாரிகளின் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக் கூடும். துவரம் பருப்பு விலை, சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமம் இவற்றுக்கே பக்கம் போதவில்லையே என்றும் சொல்லலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் டாக்சி ஓட்டுவதும் ஒரு சில்லறை வியாபாரம்தான் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு ஆள், ஒரு வண்டி, அன்றாட வசூல். அதிலிருந்து எரிபொருள், தவணை, வீட்டுச் செலவு. நமக்குக் கடை எப்படியோ அவருக்கு வண்டி அப்படி. அந்தச் சிறிய தொழிலுக்குள் கோடிக்கணக்கான டாலர் முதலோடு பெரிய கம்பெனிகள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதை இன்று அமெரிக்காவிலும் சீனாவிலும் கண்ணால் பார்க்க முடிகிறது. அங்கே நடப்பதை நாம் கவனித்து வைத்தால், நாளை நமக்கு ஒன்று நேரும்போது வாய் திறந்து நியாயம் கேட்கத் தெரியும்.

நாம் இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். இயந்திரம் வரட்டும், அதில் நமக்குப் பகை இல்லை. ஆனால் தெருவில் தொழில் செய்பவர் யாராக இருந்தாலும் கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாமல் வண்டி ஓடலாம். பொறுப்பேற்க ஆள் இல்லாமல் தொழில் ஓடக் கூடாது.

ஊர் ஊராக வந்த விதம்

கூகுள் நிறுவனம் 2009-ல் தானே ஓடும் காருக்கான ஆராய்ச்சியைத் தொடங்கியது. 2016 டிசம்பரில் அந்தப் பிரிவு வேமோ என்ற தனிக் கம்பெனி ஆயிற்று. அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரை ஒட்டிய புறநகர்களில் 2018 டிசம்பரில் கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள். அப்போது பாதுகாப்புக்காக ஒருவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். 2020 அக்டோபரில் பொதுமக்கள் ஏறும் வண்டியிலிருந்து அவரும் இறங்கிவிட்டார்.

முதல் கடையைத் திறக்க ஏன் பீனிக்ஸ் நகரைப் பிடித்தார்கள்? புதுக் கிளை போடும் எந்த வியாபாரிக்கும் இது புரியும். அங்கே சாலைகள் அகலம், நேர்கோட்டில் போகின்றன. மழை குறைவு, பனி இல்லை. அதைவிட முக்கியம், மாநில ஆளுநர் 2015-லேயே இத்தகைய வண்டிகளின் சோதனைக்கு ஆணை போட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார். சாலை அகலமாகவும் சட்டம் தளர்வாகவும் உள்ள ஊராகப் பார்த்துப் போனார்கள்.

பிறகு சான் பிரான்சிஸ்கோ. 2023 ஆகஸ்ட் 10 அன்று கலிபோர்னியா மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 3-க்கு 1 என்ற வாக்கில், வேமோவும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் குரூஸ் நிறுவனமும் இரவு பகலாகக் கட்டணச் சேவை நடத்த அனுமதி கொடுத்தது. சான் பிரான்சிஸ்கோவில் 2024 ஜூன் மாதமும், லாஸ் ஏஞ்சல்ஸில் 2024 நவம்பரிலும் வேமோ எல்லோருக்கும் கதவைத் திறந்தது. ஆஸ்டினில் 2025 மார்ச்சிலும், அட்லாண்டாவில் 2025 ஜூனிலும் ஊபர் செயலி வழியாக வந்தது. 2025 ஏப்ரல் வாக்கில் வாரத்துக்கு இரண்டரை லட்சம் கட்டணப் பயணங்கள் என்று கணக்குச் சொன்னார்கள்.

போட்டிக்கு வேறு ஆட்களும் வந்தார்கள். டெஸ்லா 2025 ஜூனில் ஆஸ்டினில் தொடங்கியது. முதலில் தன் ஊழியர் ஒருவரை முன் இருக்கையில் உட்கார வைத்தே ஓட்டியது. அமேசானின் ஜூக்ஸ் 2025 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் இலவசமாகவே ஏற்றத் தொடங்கியது. சீனாவில் பைடு நிறுவனத்தின் வண்டிகள் 2022-லேயே வூஹான் நகரத்தில் ஆள் இல்லாமல் ஓடத் தொடங்கிவிட்டன. வளைகுடாவில் அபுதாபி, துபாய் வரை சீனக் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டுவிட்டன. லண்டனுக்கு வருகிறோம் என்று வேமோ 2025 அக்டோபரில் அறிவித்தது.

உண்மையில் ஆள் இல்லையா?

வண்டியின் தலையிலும் பக்கங்களிலும் கேமராக்கள், ரேடார், லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவிகள். ஊரின் ஒவ்வொரு தெருவையும் முன்கூட்டியே நுணுக்கமாக வரைபடம் எடுத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கணினி எதிரே வருவது சைக்கிளா, குழந்தையா, குப்பைத் தொட்டியா என்று பார்த்து முடிவு செய்கிறது. வண்டிக்குக் குழப்பம் வந்தால், தூரத்தில் கணினி முன் அமர்ந்திருக்கும் ஒரு மனிதரிடம் யோசனை கேட்கிறது. அந்த உதவியாளர்களில் சிலர் பிலிப்பைன்ஸ் நாட்டில் இருந்து வேலை செய்கிறார்கள் என்று 2026 பிப்ரவரியில் அமெரிக்க செனட் குழு விசாரணையில் வேமோ அதிகாரி ஒருவரே தெரிவித்தார்.

வண்டியைக் கழுவவும், மின்சாரம் ஏற்றவும், வழியில் நின்றுபோனால் இழுத்து வரவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே மனிதர் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. தெருவில் முகம் தெரியும் இடத்தில்தான் இல்லை. கல்லாவில் ஒருவரும் இல்லாத கடை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு இருக்கிறது, தராசு இருக்கிறது, காசு வாங்கப் பெட்டி இருக்கிறது. பாக்கெட்டில் வண்டு இருந்தால் யாரிடம் காட்டுவது?

நல்லதை மறைக்க வேண்டியதில்லை

ஒரு பக்கத் தராசு மட்டும் தூக்கிக் காட்டுவது வியாபார நாணயம் ஆகாது. இந்த வண்டிகள் குடித்துவிட்டு ஓட்டுவதில்லை. தூக்கம் வருவதில்லை. ஓட்டிக்கொண்டே செல்போன் பேசுவதில்லை. சுவிஸ் ரீ என்ற பெரிய மறுகாப்பீட்டு நிறுவனம் வேமோவோடு சேர்ந்து 2024 டிசம்பரில் ஒரு ஆய்வை வெளியிட்டது. 253 லட்சம் மைல் ஓட்டத்தை எடுத்துக் கணக்கிட்டதில், மனிதர் ஓட்டும் வண்டிகளோடு ஒப்பிடும்போது பொருள் சேத இழப்பீட்டுக் கோரிக்கைகள் 88 சதவீதமும், உடல் காய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 92 சதவீதமும் குறைவு என்றார்கள். கம்பெனி சேர்ந்து செய்த ஆய்வு என்று கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும், காப்பீட்டுக்காரர் கணக்கை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. பணம் கொடுக்கிறவர் போடும் கணக்கு அது.

இரவில் தனியே போகும் பெண்கள் இதை விரும்புகிறார்கள். பார்வையற்றவர் வழிகாட்டி நாயோடு ஏற வந்தால் முகம் சுளிக்க அங்கே ஒருவரும் இல்லை. இதெல்லாம் உண்மை. ஒரு உயிர் மிஞ்சினாலும் அது லாபம்தான். ஆகவே இயந்திரம் கெட்டது என்று கூச்சல் போடுவது நம் வேலை அல்ல.

அபராதச் சீட்டு யார் பெயரில்?

இனித்தான் விஷயத்துக்கு வருகிறோம். 2025 செப்டம்பரில் கலிபோர்னியாவில் சான் புரூனோ என்ற ஊரில் போலீசார் இரவுச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண் எதிரிலேயே ஒரு வேமோ வண்டி திரும்பக் கூடாத இடத்தில் திரும்பியது. நிறுத்திப் பார்த்தால் உள்ளே ஓட்டுநர் இல்லை. ஓட்டுநர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் எழுதப் பெயர் இல்லாததால் அபராதச் சீட்டுக் கொடுக்க முடியவில்லை. கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு வண்டியை அனுப்பி வைத்தார்கள். அதே இடத்தில் ஒரு சாதாரண டாக்சிக்காரர் திரும்பியிருந்தால் அபராதமும் உண்டு, உரிமத்தில் புள்ளியும் உண்டு. இந்த ஓட்டையை அடைக்க, போலீசார் கம்பெனிக்கே விதிமீறல் அறிவிப்பு அனுப்பலாம் என்று 2024-ல் அந்த மாநிலம் சட்டம் செய்தது. அதுவும் 2026 ஜூலை முதல்தான் நடைமுறை என்று வைத்தார்கள். பீனிக்ஸ் நகரத்தில் கட்டணச் சேவை தொடங்கியது 2018-ல். தொழில் முதலில் வந்து சட்டம் பல ஆண்டு கழித்து வருவது என்றால் இதுதான்.

நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் மட்டும் வண்டி எண்ணை வைத்து அபராதம் போட முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் வேமோ வண்டிகளுக்கு அப்படி 589 சீட்டுகள், மொத்தம் 65,065 டாலர். கடை வைத்திருப்பவர்களுக்கு இதன் பொருள் புரியும். சரக்கு இறக்கும் நேரத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றால், ஓட்டுநர் இருந்தால், அண்ணே கொஞ்சம் முன்னால் எடுங்கள் என்று சொல்லலாம், அவரும் எடுப்பார். ஆள் இல்லாத வண்டியிடம் யார் போய்ச் சொல்வது?

இன்னொரு செய்தியைக் கேளுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் மிஷன் பகுதியில் 16-ஆம் தெருவில் ஒரு சிறிய மளிகைக் கடை. அந்தக் கடையில் வளர்ந்த பூனை, கிட்கேட் என்று பெயர், தெருவுக்கே செல்லப் பிள்ளை. 2025 அக்டோபர் 27 இரவு ஒரு வேமோ வண்டி அதன் மேல் ஏறிவிட்டது. பூனை இறந்தது. மனிதர் ஓட்டும் வண்டியிலும் பூனைகள் அடிபடுகின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெருவில் மக்கள் பூவும் மெழுகுவத்தியும் வைத்துத் திரண்டதற்குக் காரணம் பூனை மட்டும் அல்ல. இறங்கி வந்து வருத்தம் தெரிவிக்க ஒரு மனிதர் இல்லையே என்ற ஆற்றாமையும் அதில் இருந்தது. அப்பகுதி நகர மன்ற உறுப்பினர் ஜாக்கி ஃபீல்டர், இந்த வண்டிகள் தங்கள் பகுதியில் ஓடலாமா என்பதை அந்தந்த மாவட்ட வாக்காளர்களே முடிவு செய்யட்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார்.

2025 டிசம்பர் 20 அன்று அதே நகரத்தில் துணைமின் நிலையம் ஒன்றில் தீப்பிடித்துச் சுமார் 1,30,000 மின் இணைப்புகள் அணைந்தன. சிக்னல் விளக்குகள் எரியவில்லை. வேமோ வண்டிகள் பல சந்திப்புகளில் அப்படியே நின்றுவிட்டன. ஒரே நேரத்தில் எல்லா வண்டிகளும் தூரத்து உதவியாளரிடம் யோசனை கேட்கப் போய், பதில் வரத் தாமதமாயிற்று என்று கம்பெனியே பிறகு விளக்கம் சொன்னது. சேவையை நிறுத்தி வைத்தார்கள். மின்சாரம் போகும் நேரத்தில் கையை நீட்டி வழிவிட்டு ஊரை நகர்த்துவது அந்த ஊர் ஓட்டுநர்கள்தான் என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஆஸ்டினில் குழந்தைகள் இறங்கும்போது நின்றிருக்கும் பள்ளிப் பேருந்தை இவை பல முறை கடந்து போயின. 2025 டிசம்பரில் மென்பொருளைத் திருத்துவதாக வேமோ அறிவித்தது.

குரூஸ் கம்பெனியின் கதை எல்லாவற்றிலும் பெரிய பாடம். 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் மோதியதில் ஒரு பெண் குரூஸ் வண்டியின் முன்னால் வந்து விழுந்தார். குரூஸ் வண்டி அவர் மேல் மோதி நின்றது. பிறகு ஓரம் கட்டுவதாக நினைத்து அவரை அடியில் வைத்தே சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. இயந்திரத்தின் பிழை ஒரு பக்கம். அந்த இழுத்துச் சென்ற பகுதியை அதிகாரிகளுக்குச் சரியாகச் சொல்லாததுதான் பெரிய பிழை. அக்டோபர் 24 அன்று உரிமம் நிறுத்தப்பட்டது. பொய்யான அறிக்கை கொடுத்ததை ஒப்புக்கொண்டு 2024 நவம்பரில் 5 லட்சம் டாலர் அபராதம் கட்ட இணங்கினார்கள். அடுத்த மாதமே ஜெனரல் மோட்டார்ஸ் இந்த டாக்சித் தொழிலுக்கு முதல் போடுவதை நிறுத்திவிட்டது. அதற்குள் அவர்கள் கொட்டிய முதல் 1,000 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு பெரிய முதலும் நாணயம் போனபோது நிற்கவில்லை.

விலை யார் கணக்கு?

சீனாவில் வூஹான் நகரத்தில் 2024 ஜூலையில் டாக்சி ஓட்டுநர்கள் குமுறினார்கள். அந்த ஊரில் சாதாரண டாக்சிக்கு 18 முதல் 30 யுவான் ஆகும் தூரத்துக்குப் பைடுவின் ஆள் இல்லா வண்டி 4 முதல் 16 யுவானுக்குப் போனது. அங்குள்ள ஒரு டாக்சிக் கம்பெனி, தங்கள் ஓட்டுநர்களின் பிழைப்புப் போகிறது என்று அரசுக்கு மனுக் கொடுத்தது.

இந்த விலையைப் பார்த்ததும் நமக்குப் பழக்கமான ஒரு வாடை அடிக்கிறது அல்லவா? கொள்முதல் 100 ரூபாய், விற்பனை 60 ரூபாய் என்று எந்த வியாபாரி விற்பார்? ஒன்று, சரக்கு திருட்டுச் சரக்காக இருக்க வேண்டும். அல்லது நஷ்டத்தைத் தாங்க வேறொரு தொழிலின் லாபமோ, பிறத்தியார் பணமோ இருக்க வேண்டும். வேமோவும் இன்னும் சில புதுத் தொழில்களும் சேர்ந்த ஆல்ஃபபெட் நிறுவனத்தின் கிளைப் பிரிவு 2024-ஆம் ஆண்டில் காட்டிய நஷ்டம் சுமார் 440 கோடி டாலர். அதே ஆண்டு அக்டோபரில் வேமோவுக்கு வந்த புது முதலீடு 560 கோடி டாலர். நம்மில் ஒருவர் மூன்று மாதம் நஷ்டத்தில் ஓட்டினால் நான்காம் மாதம் மொத்தக் கடைக்காரர் சரக்கு அனுப்ப மாட்டார். அவர்கள் பல ஆண்டு நஷ்டத்தில் ஓட்ட முடியும். அப்படி ஓட்டுகிறவர் எதிரே நிற்பவர் திறமை குறைந்து தோற்பதில்லை, மூச்சு முட்டித் தோற்கிறார்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 2025-ல் விலைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், வேமோவின் சராசரிக் கட்டணம் 20 டாலருக்குச் சற்று மேல் என்றும், ஊபர் 15 டாலர் சொச்சம் என்றும் கண்டார்கள். விலை கூடினாலும் மக்கள் விரும்பி ஏறினார்கள். இதில் தெரிவது என்ன? ஒரு ஊரில் அடிமாட்டு விலை, இன்னொரு ஊரில் கூடுதல் விலை. இரண்டுமே வண்டி ஓட ஆகும் செலவை வைத்துப் போட்ட விலை அல்ல. அந்த ஊரில் எதிரே யார் இருக்கிறார், எவ்வளவு தாங்குவார் என்று பார்த்துப் போட்ட விலை. போட்டியாளர் போனபின் விலை எங்கே நிற்கும் என்பதை எந்த மளிகைக்காரருக்கும் நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

நியூயார்க் கற்றுத் தந்தது

ஒரே தெருவில் இரண்டு சட்டம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. அங்கே மஞ்சள் டாக்சி ஓட்ட ஒரு உரிமத் தகடு வேண்டும். எண்ணிக்கை கட்டுப்பாடு உள்ளதால் அதன் விலை 2014 வாக்கில் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. பிற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கடன் வாங்கி அதை வாங்கினார்கள். நம் ஊரில் பஜார் கடைக்குப் பகடி கொடுத்து நுழைவதைப் போல. பிறகு தகடு தேவையில்லாத செயலி வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்தன. சில ஆண்டுகளில் தகட்டின் விலை 2 லட்சம் டாலருக்கும் கீழே போயிற்று. கடன் மட்டும் அப்படியே நின்றது. 2018-ல் ஓட்டுநர்கள் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2021-ல் உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் நகர நிர்வாகம் கடனை 1,70,000 டாலராகக் குறைக்க வழி செய்தது.

அந்த வண்டிகளில் ஓட்டுநராவது இருந்தார். அடுத்து வருவதில் அவரும் இல்லை. பழைய தொழிலுக்கு உரிமம், கட்டணம், பரிசோதனை. புதுத் தொழிலுக்கு வரவேற்பு மாலை என்று அரசு நடந்துகொண்டால், தோற்பவர் சோம்பேறி அல்ல, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்.

நமக்கு என்ன?

டாக்சிக்காரரும் ஆட்டோக்காரரும் நம் வாடிக்கையாளர்கள். அன்றைய வசூலில் அரிசி, எண்ணெய், தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். பற்று வரவு நோட்டில் பெயர் உள்ளவர்கள். அவர் கையில் வரும் ரூபாய் மாலைக்குள் நம் கல்லாவுக்கு வருகிறது, மறுநாள் எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளிடம் வருகிறது, அங்கிருந்து ஆலைக்கும் உழவருக்கும் போகிறது. ஆள் இல்லா வண்டியின் கட்டணம் நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. வண்டி அரிசி வாங்குவதில்லை. ஊரில் ஓடுகிற பணத்துக்கும் ஊரைவிட்டு ஓடுகிற பணத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

இந்தியாவில் இது உடனே வரும் என்று நாம் பயமுறுத்தவில்லை. காலை பத்து மணிக்கு நம் பஜார் தெருவில் மாடு, மூட்டை வண்டி, எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள் எல்லாம் கலந்து போகும்போது எந்தக் கணினியும் கொஞ்சம் திகைக்கத்தான் செய்யும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்காரி, ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்பதால் இத்தகைய கார்களை அனுமதிக்க மாட்டோம் என்று 2017-லும் 2023 டிசம்பரிலும் கூறினார். வரவேற்கிறோம். ஆனால் அமைச்சரின் வாக்கு வேறு, சட்டம் வேறு. வாய்ப்பேச்சை நம்பி நாம் சரக்கு அனுப்புவதில்லை, பில் கேட்கிறோம். அதுபோல இதற்கும் எழுதி வைத்த விதி வேண்டும். அது வண்டி வருவதற்கு முன்னால் வேண்டும்.

பத்து நிமிடத்தில் வீட்டுக்கே மளிகை கொண்டுவரும் கம்பெனிகள் விஷயத்தில் நாம் பட்டது போதாதா? கடைகள் தொடங்கி, தள்ளுபடி கொடுத்து, ஊரெல்லாம் பரவிய பிறகு 2024 அக்டோபரில்தான் நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியச் சம்மேளனம் அடிமாட்டு விலை பற்றிப் போட்டி ஆணையத்திடம் முறையிட வேண்டியதாயிற்று.

முத்திரை இல்லாத தராசு

நாமும் மாறியவர்கள்தானே, இயந்திரத்தை எதிர்க்க நமக்கு என்ன உரிமை என்று நம் வீட்டுப் பிள்ளைகளே கேட்பார்கள். உண்மைதான். தட்டுத் தராசு போய் மின்னணுத் தராசு வந்தது. கணக்குப் பேரேடு போய்க் கணினி வந்தது. சில்லறை போய் ஒரு அட்டையில் கட்டம் கட்டமாக அச்சடித்த குறி வந்துவிட்டது. எதையும் நாம் தடுக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தராசு மின்னணு ஆனாலும் ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும் என்ற விதி போகவில்லை. இயந்திரம்தான் எடை காட்டியது, எனக்குத் தெரியாது என்று நாம் சொன்னால் ஆய்வாளர் கேட்பாரா? வேறு ஊரில் வேறு ஒருவர் கட்டி ஒட்டிய பாக்கெட்டில் கலப்படம் இருந்தாலும், மாதிரி எடுத்தது நம் கடையில் என்றால் முதல் நோட்டீஸ் நம் பெயருக்கே வருகிறது. ஒரு மூட்டைக்கு 20 ரூபாய் மிஞ்சும் வியாபாரிக்கு இவ்வளவு பொறுப்பு. டன் கணக்கில் எடையுள்ள வண்டியை மக்கள் நடக்கும் தெருவில் ஆள் இல்லாமல் விடுகிறவருக்கு அதைவிடக் குறைந்த பொறுப்பா?

இங்கிலாந்து இதை ஓரளவு சரியாகச் செய்திருக்கிறது. 2024 மே மாதம் நிறைவேற்றிய தானியங்கி வாகனச் சட்டத்தில், வண்டி தானே ஓடும்போது அது எப்படி ஓடுகிறது என்பதற்கு அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனமே சட்டப்படி பொறுப்பு என்று எழுதி வைத்துவிட்டார்கள். வண்டி வருவதற்கு முன்னே பெயர் எழுதிய பலகை தொங்கிவிட்டது. இதற்கு நேர்மாறு டெக்சாஸ். ஆஸ்டின், டல்லாஸ், ஹூஸ்டன் போன்ற நகரங்கள் இந்த வண்டிகளுக்குத் தாமாக விதி போடவே கூடாது என்று அந்த மாநிலம் 2017-ல் சட்டம் செய்தது. தெரு நகராட்சியுடையது, குப்பை அள்ளுவது நகராட்சி, விளக்குப் போடுவது நகராட்சி. ஆனால் அந்தத் தெருவில் யார் தொழில் செய்யலாம் என்று கேட்க நகராட்சிக்கு வாய் இல்லை. சான் பிரான்சிஸ்கோவும் எதிர்த்தது, தீயணைப்புத் துறைத் தலைவரே வண்டிகள் குறுக்கே நிற்பதாக முறையிட்டார். ஆனாலும் முடிவு மாநில ஆணையத்தின் கையில் போயிற்று.

வாய் இல்லாத ஊரில் கை பேசத் தொடங்கிவிடும். 2024 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் பேட்டையில் ஒரு கும்பல் வேமோ வண்டியைக் கொளுத்தியது. 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த போராட்டங்களிலும் சில வண்டிகள் எரிந்தன. இதை நாம் ஒருபோதும் ஏற்க மாட்டோம். தெருவில் தீ வைத்தால் முதலில் ஷட்டர் இறக்குவது நாம்தான், கண்ணாடி உடைவதும் நமக்குத்தான். ஆனால் முறையாகக் கேட்க வழி வைக்காதவர்களுக்கும் அந்தத் தீயில் பங்கு உண்டு.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே எந்த ஊரில் இந்தத் தொழில் வந்தாலும் சில நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. அந்த ஊரிலேயே அலுவலகம், அதில் கையெழுத்துப் போடும் அதிகாரமுள்ள ஒரு பொறுப்பாளர், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி இருக்க வேண்டும். விதி மீறினால் அபராதம் கம்பெனியின் பெயரில், மனித ஓட்டுநருக்கு உள்ள அதே கணக்கில் விழ வேண்டும். விபத்து நடந்தால் முழுப் பதிவையும் மறைக்காமல் ஒப்படைக்க வேண்டும். மறைத்தால் உரிமம் போக வேண்டும். கட்டணத்தையும் ஓட்டும் செலவையும் அரசிடம் காட்ட வேண்டும், அடக்க விலைக்குக் கீழே நெடுநாள் ஓட்டக் கூடாது. எந்தத் தெருவில், எந்த நேரத்தில் நிற்கலாம் என்பதை நகராட்சியும் அந்தத் தெருவில் தொழில் செய்பவர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். வேலை இழக்கும் ஓட்டுநர்களுக்கு மாற்று வழிக்காக அந்த வருமானத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றாவது நியாயமற்றதா? இவற்றுக்கு ஒத்த ஒவ்வொன்றையும் நாம் இன்று செய்துகொண்டிருக்கிறோம். உரிமத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். கடை வாசலில் பெயரும் முகவரியும் எழுதியிருக்கிறோம். வாடிக்கையாளர் கோபமாக வந்தால் எழுந்து நின்று பதில் சொல்கிறோம். அதே தராசில் அவர்களையும் நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம். சலுகை கேட்கவில்லை.

ஓட்டுநர் சங்கத்தார் நம் ஊரில் இது பற்றிப் பேசக் கூட்டம் போட்டால், நம் சங்க நிர்வாகிகள் போய் உட்கார வேண்டும். அவர்கள் தொழில் வேறு, நம் தொழில் வேறு என்று ஒதுங்கி இருந்தால், நம் முறை வரும்போது நமக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது.

வளர்க வணிகர் ஒற்றுமை!